கரடித் தலையோடு வெள்ளிமலைக்கு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில், மலைக்குப் போகிற பஸ்ஸில், மடியில் ஒரு கரடித் தலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உடம்பு முந்தின நாளே சினிமா கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டது. தலையில் ஃபோம் ஒட்டிய சொல்யூஷன் இன்னும் காயவில்லை, வேனில் போட்டால் மூக்கு நசுங்கிவிடும் என்று சொல்லி அதை நானே எடுத்து வந்தேன். மேலே ஓர் அரிசிச் சாக்கைப் போர்த்தியிருந்தேன். கண்டக்டர் சாக்கை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாயா இது?"

"கரடிங்க."

"தல மட்டுந்தானா?"

"ஒடம்பு நேத்தே பூட்ச்சுங்க."

பஸ் மொத்தமும் சிரித்தது. "மடியில இருந்தா டிக்கெட் கெடயாது. எறங்கி சீட்ல குந்திச்சுன்னா முழு டிக்கெட்டு," என்று சொல்லிவிட்டு கண்டக்டர் அடுத்த ஆளிடம் போனார். நான் காது சூடேறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு வேர்த்துவிடும்.

எனக்கு சேலம் ரோட்டில் குஷன் கடை. ஆட்டோ, வேன், டிராக்டர் எல்லாவற்றுக்கும் சீட் தைப்பேன். இருபத்திரண்டு வருஷமாக ஃபோம், ரெக்சின், கோணூசி, இவ்வளவுதான் என் உலகம். வெள்ளிமலையில் படம் எடுக்க வந்த கம்பெனி, சென்னையிலிருந்து ஒரு கரடி உடுப்பைக் கொண்டுவந்தது. ஓர் ஆள் உள்ளே புகுந்து நடக்கிற உடுப்பு. வரும் வழியில் வேனுக்குள் இரும்புப் பெட்டி சாய்ந்து, தலை நசுங்கி, வலது தோள் கிழிந்துவிட்டது. ஃபோம் வேலை தெரிந்த ஆளைத் தேடிய மேனேஜர் என் கடைக்கு வந்து சேர்ந்தார்.

ஐந்து நாள் கடைக்கு வேறு வேலை எடுக்கவில்லை. சீட்டுக்குப் போடுகிற கெட்டி ஃபோமைச் செதுக்கித் தலையைப் புதிதாகச் செய்தேன். வாய் திறந்து மூட வேண்டும் என்றார்கள். பைக்கின் கிளட்ச் கேபிளைக் கீழ்த்தாடையில் பூட்டி, வெளியே இன்னொரு ஆள் பிடிக்கிற மாதிரி லீவரைத் தனியாக விட்டேன். லீவரை அழுத்தினால் கரடி வாயைத் திறக்கும். தோளில் புதிய ஃபர் துணி வைத்துத் தைத்தேன். மேனேஜர் லீவரை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டைரக்டருக்குப் புடிச்சா கிட்டக்க எடுக்கிற ஷாட்ல உங்க கரடிதான். புடிக்கலன்னா கம்ப்யூட்டர்ல பண்ணிப்பாங்க. ரிப்பேர் வேல பாக்க நீங்களும் நாலு நாள் மேல வந்துருங்க."

என் கரடி திரையில் வர வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. என் சீட்டுகள் மேல் ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் உட்கார்ந்துவிட்டால் சீட் யார் கண்ணுக்கும் தெரியாது.

மலையேறும்போது ஒரு வளைவில் பஸ் புகைந்து நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவர டிரைவர் குடத்தோடு இறங்கினார். எல்லோரும் இறங்கினோம். அதற்குள் சாக்கு விலகியிருந்தது. ஒருவர் தலையை வாங்கிப் பார்த்தார், அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கினார். பலாப்பழத்தோடு வந்த ஓர் அம்மா அதன் கன்னத்தைத் தட்டி, "சாப்ட்டியாடா?" என்று கேட்டார். இரண்டு பேர் அதோடு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். செய்தவன் பக்கத்திலேயே நிற்கிறேன், ஒருவரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் செய்த தலை மேலேயே எனக்குப் பொறாமை வந்தது.

மேலே ஏற ஏறக் காற்று மாறியது. கீழே எங்கள் ஊரில் மத்தியானம் கடை ஷட்டரைத் தொட முடியாது. இங்கே அந்த நேரத்துக்கு ஒருவர் சால்வை போர்த்திக்கொண்டு டீ குடிக்கிறார். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இந்தக் குளிரை எல்லாம் இவர்களே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த டீ கூட எங்கள் பஸ் ஸ்டாண்டு டீயைவிட நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது டீ வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கரடியையும் என்னையும் பூங்காவனம் என்கிற அம்மாவின் வீட்டில் தங்க வைத்தார்கள். என் வயதுதான் இருக்கும். சாமையும் மரவள்ளியும் போட்டிருக்கிறார். வீட்டுக்காரர் வெளியூருக்கு வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அந்த அம்மாவும் கருப்பன் என்கிற நாயும் மட்டும். முன் அறையைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கரடி உடம்பை ஆணியில் மாட்டித் தலையைப் பொருத்தியதும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பொம்பள கரடியா, ஆம்பள கரடியா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. "தெரிலிங்க."

"செஞ்சவரே தெரிலன்றாரு," என்று சிரித்துக்கொண்டே சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். கம்பெனிச் சாப்பாட்டில் மூன்று பந்தி உண்டு. நடிகர்களுக்கு ஒன்று, டெக்னீஷியன்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. நான் மூன்றாவது. இரண்டாவது பந்தியில் கோழி வறுவல் மணந்தது. மொச்சைக் குழம்பு அதைவிட ருசியாகத்தான் இருந்தது, ஆனாலும் மணம் வந்த பக்கமே மூக்கு போனது.

இரண்டாம் நாள் காலையில் தாரிணியைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கரடி செய்கிற பெண். சென்னையிலிருந்து வந்திருந்தாள். என் பெரிய மகள் வயதுதான், ஆனால் டைரக்டர் அவளிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் கேமராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார். அவளுக்கு ஒரு குடை, ஒரு நாற்காலி, மடியில் லேப்டாப். எல்லோரும் மேடம் என்றார்கள். அவள் என்னிடம் வந்து, "நீங்கதான் தலை பண்ணதா? எந்த ஊரு அண்ணா?" என்றாள்.

"கள்ளக்குறிச்சி."

பக்கத்தில் நின்ற லைட்மேன் உடனே, "ஓ, அந்த ஊரா?" என்று மேனேஜரைப் பார்த்தார். சாராயத்தில் அத்தனை பேர் செத்த பிறகு எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முகத்தில் அந்த மாற்றம் வரும். பழகிவிட்டது. தாரிணி அப்படிப் பார்க்கவில்லை. லீவரை அழுத்திப் பார்த்து, "கிளட்ச் கேபிளா? சூப்பர் அண்ணா," என்றாள். பதிலுக்குத் தன் கரடியைக் காட்டினாள். திரையில் அது மயிரே இல்லாமல், சாம்பல் நிறத்தில், மொட்டையாக நடந்துகொண்டிருந்தது. எனக்கு மனதுக்குள் ஒரு நிம்மதி. இதுதானா என்று நினைத்தேன். அவள் ஏதோ ஒன்றைத் தட்டினாள். உடம்பு முழுக்க மயிர் முளைத்தது. நான் ஒரு தோளுக்கு ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டேன்.

கரடிக்குள் புகுகிற ஆள் சேகர். சண்டைப் படங்களில் மாடியிலிருந்து விழுகிறவர். நாலு காலில் நடந்து காட்டினார். பூங்காவனம் சாணிக் கூடையோடு நின்று பார்த்தார்.

"கரடி இப்டி பதுங்கிக்கினு போவாது. அதுக்கு இன்னா பயம்? காட்டுக்கே அதுதான் ஓனர் மாரி இடுப்ப ஆட்டிக்கினு போவும்."

சேகர் தலையைக் கழற்றிவிட்டு, "எப்படிக்கா?" என்றார். பூங்காவனம் கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் நடந்து காட்டினார், சேகர் பின்னாலேயே நடந்தார். தாரிணி ஓடி வந்து அதையும் வீடியோ எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஓர் ஓடைக்கரையில் எடுத்தார்கள். கரடி பாறைமேல் வந்து நின்று வாயைத் திறக்க வேண்டும். நான் பாறைக்குப் பின்னால் படுத்து லீவரைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் வேர்வை. டைரக்டர் சொன்னதும் அழுத்தினேன், கரடி வாயைத் திறந்தது. "ஓகே!" என்று குரல் வந்தது. அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அடுத்து, "கரடிய எடுத்துருங்க," என்றார்கள். தாரிணி ஒரு குச்சியில் சாம்பல் நிறப் பந்து ஒன்றையும், எவர்சில்வர் குடம்போலப் பளபளக்கிற பந்து ஒன்றையும் பிடித்துக்கொண்டு அதே பாறைமேல் போய் நின்றாள். அதைப் படம் பிடித்தார்கள். பிறகு அவளும் இறங்கிவிட்டாள். வெறும் பாறையைப் படம் பிடித்தார்கள்.

"காலிப் பாறைய எதுக்கு எடுக்கறாங்க?" என்று சேகரைக் கேட்டேன்.

அவர் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "அதாம்பா படத்துல வரும். நம்ம மேல வெயில் எப்டி வுழுது, மயிரு எப்டி மின்னுதுன்னு அந்தப் பொண்ணு பாத்துக்கும். எந்தப் பக்கம் வெளிச்சம், எந்தப் பக்கம் மரம்னு அந்தப் பந்து காட்டிக் குடுத்துரும். அப்புறம் காலி எடத்துல அது தன்னோட கரடிய நிக்க வெச்சிக்கும்."

"அப்ப நாம?"

"நாம வெயில் காஞ்ச கரடி. போ, போயி சாப்டு."

போய்ப் பந்தியில் உட்கார்ந்தேன். என் மனைவி மல்லிகா ஃபோன் செய்தாள். "எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். எடுத்தார்கள் என்றேன். அது பொய் இல்லை. அவள் ஃபோனை வைப்பதற்கு முன்பே தெருவில் யாரிடமோ சொல்வது கேட்டது.

சாயங்காலம் மேனேஜர் ஒரு நம்பிக்கை கொடுத்தார். மறுநாள் நாய் சீன். கதாநாயகி தனியாக நிற்கிறாள், புதரிலிருந்து கரடி வருகிறது, நாய் குறுக்கே பாய்ந்து குரைத்து அவளைக் காப்பாற்றுகிறது. நாய்க்கு நடிக்கத் தெரியாது. நிஜமாக எதிரே ஒரு கரடி இருந்தால்தான் குரைக்கும். கம்ப்யூட்டரால் நாயைப் பயமுறுத்த முடியாது. நாயும் கரடியும் ஒன்றாக இருக்கும் ஷாட்டை அப்படியே வைத்துக்கொள்வதாக டைரக்டர் சொல்லியிருக்கிறாராம். சென்னையிலிருந்து கொண்டுவந்த நாய் மலைக்குளிரில் சுகமில்லாமல் படுத்துவிட்டதால் கருப்பனைக் கேட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் தலையை மறுபடி துடைத்து, மூக்குக்கு வார்னிஷ் பூசினேன். கருப்பனைக் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார் பூங்காவனம். புதர் அசைந்தது. சேகர் பூங்காவனம் சொல்லிக் கொடுத்தபடி இடுப்பை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தார். நான் லீவரை அழுத்தினேன். கரடி வாயைப் பிளந்தது. என் கண்ணுக்கு அது அச்சு அசல் கரடி.

கருப்பன் பார்த்தது. கிட்டே போய் மோந்தது. இரண்டு ராத்திரி அதே கரடி அதன் வீட்டு ஆணியில் தொங்கியிருக்கிறது. அதில் அடிப்பதும் கரடி வாடை இல்லை, சொல்யூஷன் வாடைதான். வாலை ஆட்டியது. இரண்டு சுற்று சுற்றிவிட்டு, கரடியின் நிழலில் படுத்துக்கொண்டது.

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மறுபடி எடுத்தார்கள். மறுபடி படுத்தது. பூங்காவனம், "டேய், கொலைடா! ராத்திரில காத்து அடிச்சாக்கூட கொலைப்பியே, இப்ப இன்னாடா?" என்று அதட்டினார். சேகர் உள்ளேயிருந்து உறுமினார். கருப்பன் எழுந்து அவர் கையை நக்கியது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சரி, வெளிச்சம் மாறுவதற்குள் பந்தையாவது எடுத்துவிடலாம் என்று தாரிணி எவர்சில்வர் பந்தை எடுத்துக்கொண்டு புதர் ஓரம் வந்தாள். கருப்பன் தலையைத் தூக்கியது. பந்துக்குள் வளைந்து நெளிந்து ஒரு கறுப்பு நாய் தெரிந்தது. கிட்டே போனால் அதன் மூக்கு பெரிதாகிறது. முதுகு மயிரெல்லாம் நட்டுக்கொண்டு கருப்பன் குரைத்த குரைப்பு எதிர் மலையில் போய் இடித்தது. "ரோல்! ரோல் பண்ணு!" என்று டைரக்டர் கத்தினார். தாரிணி பந்தை மெல்லக் கரடி உயரத்துக்குத் தூக்கினாள். நாய் துள்ளித் துள்ளிக் குரைத்தது. கதாநாயகி நிஜமாகவே பயந்துபோனாள். ஒரே டேக்.

எல்லோரும் கைதட்டினார்கள். "கரடிய பாத்து கொலைக்காத நாயி, பந்த பாத்து கொலைக்குது பாரு," என்று பூங்காவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேகர்கூடத் தலையைக் கழற்றிவிட்டுத் தட்டினார். நானும் தட்டினேன். என் கை தட்டியதே தவிர, அந்தப் பந்தைப் பிடுங்கி ஓடையில் எறிய வேண்டும் போலிருந்தது. அந்தப் பெண் படித்திருக்கிறாள், லேப்டாப் வைத்திருக்கிறாள், கோழி சாப்பிடுகிறாள். நாயாவது எனக்கென்று இருக்கக் கூடாதா?

மத்தியானம் மேனேஜர் வந்து, கரடியை இனிமேல் எடுக்கப்போவதில்லை என்றார். "தாரிணிக்கு ஃபோட்டோ எடுக்கணுமாம். நிக்க வெச்சிட்டு, நாளைக்கு நீங்க ஊருக்குக் கெளம்பலாம்."

வாசலில் மூங்கில் நட்டுக் கரடியை மாட்டினேன். தாரிணி கேமராவில் ஏதோ மாட்டிக்கொண்டு தூரத்தில் இருந்தாள். புல்லுக்கட்டோடு வந்த பூங்காவனம் கரடியின் வலது தோளில் கையை வைத்து ஒரு தடவு தடவினார். நின்றுவிட்டார்.

"இன்னாணா, இந்த எடத்துல மட்டும் மயிரு மேல பாத்துக்கினு இருக்குது?"

நானும் தடவினேன். உள்ளங்கையில் குத்தியது. வேன் சீட்டுக்கு ஃபர் துணி போடும்போது, மயிர் பின்பக்கம் சாயும்படி வெட்டுவேன். அப்போதுதான் பிரேக் போட்டால் உட்கார்ந்தவர் முன்னால் வழுக்கமாட்டார். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் வெட்டுகிறேன். கரடித் தோளையும் கை அதுபாட்டுக்கு அப்படியே வெட்டித் தைத்திருக்கிறது.

"மழ பெஞ்சா தண்ணி வழியாதே, எல்லாம் தோலுக்குள்ளதான எறங்கும்? பாவம், சளி புடிச்சிக்கும் உங்க கரடிக்கு," என்றார்.

"மெதுவா பேசுங்க. அந்தப் பொண்ணாண்ட சொல்லாதீங்க."

அவர் என்னையும் தாரிணியையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இன்னாத்துக்குச் சொல்லப்போறேன்? உங்க கரடி, உங்க பாடு," என்று கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

தாரிணி வந்தாள். சுற்றிச் சுற்றி, மேலே ஏறி, கீழே படுத்து, நூற்றுக்கணக்கில் எடுத்திருப்பாள். இந்தப் படங்களையெல்லாம் கம்ப்யூட்டர் ஒன்றாக ஒட்டிக் கரடியின் தோலாக மாற்றிக்கொள்ளும் என்றாள். மயிர் எந்த இடத்தில் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்கிறது எல்லாம் இதிலிருந்துதான் வரும். வலது தோள் பக்கம் கொஞ்ச நேரம் அதிகமாக நின்ற மாதிரி இருந்தது. பிறகு கேமராவை இறக்கிவிட்டுக் கேட்டாள்:

"அண்ணா, நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்கா இதுல?"

"ஒண்ணும் இல்லம்மா."

சொன்னதற்கு இரண்டு காரணம் உண்டு. அவள் கரடியில் ஒரு தப்பு இருக்கட்டும் என்று ஒரு பக்கம் நினைத்தேன். இன்னொரு பக்கம், அந்தத் தப்பு அப்படியே படத்தில் வந்துவிட்டால், உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஓரிடம் என்னுடையதாக இருக்குமே என்று நினைத்தேன். எது பெரிய காரணம் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள் மரவள்ளி மூட்டை ஏற்றிய ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மலை இறங்கினேன். புறப்படும்போது தாரிணி ஓடி வந்து ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டாள். கரடி பூங்காவனம் வீட்டு வாசலில் தலைகுனிந்து நின்றது. கருப்பன் அதன் காலடியில் படுத்திருந்தது. கோமுகி அணை தாண்டியதும் வெயில் முகத்தில் அறைந்தது. ஜீப் டிரைவர், "மேல இன்னா வேலண்ணா?" என்றார். "சும்மா, சீட் வேல," என்றேன்.

பல மாதம் கழித்து, ஒரு மழைநாளில் கடையில் டிராக்டர் சீட் தைத்துக்கொண்டிருந்தபோது தாரிணியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கீழே, "அண்ணா, உங்க கரடி," என்று போட்டிருந்தாள்.

அது நிஜமாகவே கரடி. புதரை விலக்கிக்கொண்டு, பூங்காவனம் காட்டிய அதே நடையில் இடுப்பை ஆட்டிக்கொண்டு வந்தது. மூச்சு விட்டால் விலா ஏறி இறங்கியது. மூக்கு ஈரமாக அசைந்தது. அது வாயைத் திறந்த மாதிரி கிளட்ச் கேபிளால் திறக்க முடியாது. நான் செய்த தலை அதில் எங்கேயும் இல்லை. படத்தில் மழை பெய்தது. நான் இரண்டு விரலால் வலது தோளைப் பெரிதாக்கினேன்.

மயிர் எல்லாம் கீழே பார்த்துப் படிந்திருந்தது. தண்ணீர் தோளிலிருந்து வழிந்து முழங்கையில் சொட்டியது.

அவள் பார்த்திருக்கிறாள். என்னைக் கேட்டபோதே பார்த்துவிட்டுத்தான் கேட்டாளோ என்னவோ. பிறகு உட்கார்ந்து அதைச் சரிசெய்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் திறமைமேல் பொறாமைப்பட்டது போதாதென்று, இப்போது அவள் குணத்தின் மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மல்லிகா டீயோடு வந்தாள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, டம்ளரை வைத்துவிட்டு, ஃபோனைக் கையில் வாங்கினாள். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

"எம்மாடி! இதுல நீங்க தெச்சது எது?"

நான் வலது தோளில் விரலை வைத்தேன். "இந்த எடம்."

அவள் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஒரு மயிருகூட மாறிப் போவல. நல்லாத்தான் தெச்சிருக்கீங்க," என்றாள்.